களஞ்சியத்துக்குக் காவல் யார்?

செஞ்சிக்குச் செல்வோர் கண்ணை முதலில் கவர்வது மலை. ராஜகிரி வானைத் தொட முயல்வது போல் நிமிர்ந்து நிற்கும், எதிரே கிருஷ்ணகிரி, தெற்கே சந்திரகிரி. மூன்றையும் வளைத்து ஓடும் மதிலைக் கண்டதும் பார்ப்பவர் வாயிலிருந்து தேசிங்கின் பெயரும் அவன் குதிரையின் பெயரும் தாமாகவே வந்து விழும். கல்யாண மகாலின் அடுக்குகளை எண்ணுவர். படியேறி மூச்சு வாங்குவர். படம் பிடித்துக்கொண்டு இறங்குவர். 2025 ஜூலையில் யுனெஸ்கோ மன்றம் மராத்தியரின் படையரண்களோடு சேர்த்துச் செஞ்சியையும் உலக மரபுச் சின்னமாக அறிவித்த பிறகு கூட்டத்துக்குக் கேட்கவா வேண்டும்!

அடிவாரத்திலே வளைந்த கூரையும் தடித்த சுவரும் கொண்டு இருண்டு கிடக்கும் களஞ்சியத்தை எத்தனை பேர் எட்டிப் பார்க்கின்றனர்? அங்கே மன்னன் அமரவில்லை, மங்கையர் ஆடவில்லை. நெல் இருந்தது, அவ்வளவே. ஆனால், தோழர்களே, கோட்டையை உண்மையில் காத்தது பீரங்கியல்ல, அந்த நெல்தான்.

வரலாற்றைச் சற்றே புரட்டுவோம். நாயக்கர் ஆண்ட செஞ்சியை 1649இல் பீஜப்பூர் சுல்தானின் படை பிடித்தது. 1677இல் சிவாஜி வந்தார். 1698இல் ஔரங்கசீப்பின் தளபதி சுல்பிகர்கான் புகுந்தான். 1714இல் தேசிங்கு என்று நாம் அழைக்கும் தேஜ்சிங் களத்தில் வீழ, ஆற்காட்டு நவாப் சாதத்துல்லாகானின் கொடி ஏறியது. 1750இல் புஸ்ஸி என்னும் பிரெஞ்சுத் தளபதி இரவோடு இரவாக ஏறிப் பிடித்தான். 1761இல் ஆங்கிலேயன் வாங்கிக்கொண்டான். 112 ஆண்டுகளில் ஆறு கைகள்! சராசரி போட்டால் ஒரு தலைமுறைக்கு ஓர் எசமானன் கூட நிலைக்கவில்லை. கொடிகள் மாறின, கொத்தளங்கள் சரிந்தன. வந்தவன் ஒவ்வொருவனும் முதலில் கேட்டது, “களஞ்சியத்தில் எவ்வளவு இருக்கிறது?” என்பதாகத்தான் இருந்திருக்கும்.

ஏன் அப்படிக் கூறுகிறேன் என்றால், முற்றுகையின் கதையே அதற்குச் சான்று. 1690இல் சுல்பிகர்கான் செஞ்சியை வளைத்தான். உள்ளே சிவாஜியின் மகன் ராஜாராம். தில்லிப் பேரரசின் படை வெளியே; துரத்தப்பட்டு ஓடிவந்த சிற்றரசன் உள்ளே. யார் பட்டினி கிடந்திருக்க வேண்டும்? உள்ளே இருந்தவர்கள்தாமே? நடந்தது நேர்மாறு. சாந்தாஜி கோர்படே, தானாஜி ஜாதவ் என்னும் மராத்தியத் தளபதிகள் வெளியிலிருந்து வந்து மொகலாயப் பாசறைக்குத் தானியம் வரும் வழிகளை அறுத்தனர். கோட்டையை வளைத்தவன் வளைக்கப்பட்டான். நெல் தேடி வந்தவாசிக்கு ஓடவேண்டிய நிலை! 1693 தொடக்கத்தில் முற்றுகையையே கைவிட்டு வந்தவாசிக்குப் பின்வாங்கினர். மீண்டும் வந்து, ஏறத்தாழ எட்டாண்டு இழுத்தடித்து, 1698இல்தான் கோட்டை விழுந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டான்.

களஞ்சியம் காவலுக்குரிய பொருள் என்பதை மன்னர்கள் நன்றாகவே அறிந்திருந்தார்கள். ஆனால் எவருடைய வயிற்றுக்காக அந்தக் காவல்? படைவீரன் வயிற்றுக்காக, படைவீரன் வாளுக்காக, வாள் காக்கும் அரியணைக்காக. மதிலுக்கு வெளியே உழுதவன் உண்ட கூழில் கல் கிடந்ததா, மண் கிடந்ததா என்று கேட்ட கல்வெட்டு ஒன்றையும் நான் செஞ்சியில் காணவில்லை.

குடிமகன் தட்டில் விழும் சோற்றுக்கு அரசு பொறுப்பு என்னும் கருத்து மிக இளையது. நூற்றைம்பது, இருநூறு ஆண்டு வயதுடைய குழந்தை அது. அந்தக் குழந்தைக்கு ஒரு நோய் உண்டு. ஆட்சி மாறும்போதெல்லாம் அதற்குக் காய்ச்சல் வரும். அந்தக் காய்ச்சலின் வரலாற்றைத்தான் இங்கே எழுதப் புகுந்தேன்.

ஆங்கிலேயன் 1860இல் தந்த தண்டனைச் சட்டத்தில் 272, 273 என்று இரு பிரிவுகள் இருந்தன. உணவில் கலப்படம் செய்து அதை உடலுக்குக் கேடாக்கினால் ஆறு மாதச் சிறை, அல்லது 1000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 1860இல் ஆயிரம் ரூபாய் என்றால் ஒரு குடும்பத்தின் செல்வம். அந்த ஆயிரம் 1900இலும் ஆயிரம், 1947இலும் ஆயிரம், 2024 ஜூனிலும் ஆயிரம்! அந்தச் சட்டம் விடைபெற்று, 2024 ஜூலை முதல் நாள் புதிய தண்டனைச் சட்டம் நடைமுறைக்கு வந்தபோதுதான் அது ஐயாயிரம் ஆயிற்று. வெள்ளையன் போனான், காங்கிரசு வந்தது, போயிற்று, கூட்டணிகள் வந்தன, போயின. பாலில் தண்ணீர் கலந்தவனுக்கு விக்டோரியா அரசியின் காலத்து அபராதம் மட்டும் போகாமல் இருந்தது.

தனிச் சட்டம் என்று ஒன்று சென்னை மாகாணத்துக்கு 1918இல் வந்தது: சென்னைக் கலப்படத் தடுப்புச் சட்டம். அடுத்த சில ஆண்டுகளில் இரட்டையாட்சி. காவலும் கருவூலமும் வெள்ளையன் கையில். சுகாதாரமும் உள்ளாட்சியும் நம்மவர் கையில். கலப்படத்தைத் தடுக்கும் பொறுப்பு நீதிக்கட்சி அமைச்சரவைக்கு வந்தது, அதற்கான பணம் வேறொருவன் பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. பொறுப்பைக் கொடுத்துப் பொருளைக் கொடாமல் இருப்பது அன்று தொடங்கிய வித்தை. அது இன்னும் பழையதாகிவிடவில்லை.

1954இல் நாடாளுமன்றம் உணவுக் கலப்படத் தடைச் சட்டத்தை இயற்றிற்று. 1955 ஜூன் முதல் நாள் அது நடைமுறைக்கு வந்தது. மாகாணச் சட்டங்கள் யாவும் அதில் கரைந்தன. அரசமைப்பின் பொதுப்பட்டியலில் 18ஆவது இனம் கலப்படம். மாநிலமும் சட்டம் செய்யலாம், மத்தியும் செய்யலாம், முரண் எழுந்தால் மத்தியின் சொல்லே நிற்கும். மாதிரி எடுப்பவன் மாநிலத்தின் ஊழியன். எது கலப்படம் என்று வரையறுப்பது தில்லி. இந்தக் கட்டமைப்பை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

இங்கே சற்று நின்று கடல் கடந்து செல்வோம். உணவுச் சட்டமும் ஆட்சி மாற்றமும் எப்படி ஒன்றோடொன்று மல்லுக்கு நிற்கின்றன என்பதற்கு அமெரிக்காவைப் போல் தெளிவான பாடம் வேறு இல்லை. அங்கே நான்காண்டுக்கு ஒரு தேர்தல். புதிய குடியரசுத் தலைவர் பதவியேற்கும் நாளும் குறித்து வைக்கப்பட்டது. தோற்றவர் வெளியேறும் வரை உள்ள சில வாரங்களில் கையெழுத்துகள் பறக்கும். வந்தவர் முதல் நாளே அந்தத் தாள்களை நிறுத்தி வைப்பார். நம் ஊரில் மறைவில் நடப்பது அங்கே மணி அடித்து நடக்கிறது.

ஆர்வி வைலி என்று ஒரு வேதியியலார். வேளாண்மைத் துறையின் வேதியியல் பிரிவுக்குத் தலைவர். தகரக் குவளை உணவு கெடாமலிருக்க வணிகர் கலந்த வெண்காரமும் ஃபார்மலினும் மனிதனை என்ன செய்கின்றன என்று எவருக்கும் தெரியாத காலம். வைலி 1902இல் இளம் ஊழியர் சிலரைத் திரட்டினார். அவர்கள் மனமுவந்து அந்தப் பொருள்களை அளவாக உண்டார்கள். எடை பார்த்தார், நாடி பார்த்தார், குறித்துக்கொண்டார். ஏடுகள் அந்த இளைஞர்களை ‘நஞ்சுப் படை’ என்று அழைத்தன. சாத்திரம் பார்க்கவில்லை, சகுனம் கேட்கவில்லை. உண்டு பார்த்து, எழுதி வைத்து, மெய்ப்பித்தார்கள். 1906இல் அப்டன் சின்க்ளேர் சிகாகோ இறைச்சித் தொழிற்சாலைகளைப் பற்றி நாவல் எழுதினார். அவர் எழுதியது தொழிலாளியின் துயரை. படித்தவர்கள் பதறியதோ தம் தட்டை எண்ணி! 1906 ஜூன் 30இல் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் தூய உணவுச் சட்டத்திலும் இறைச்சி ஆய்வுச் சட்டத்திலும் கையெழுத்திட்டார்.

1909 மார்ச்சில் ஆட்சி மாறிற்று. கட்சி மாறவில்லை, ரூஸ்வெல்ட் கைகாட்டிய டாஃப்டுதான் வந்தார். ஆயினும் பாருங்கள்: ‘விஸ்கி’ என்று எதற்குப் பெயரிடலாம் என்பது அப்போது பெரும் வழக்கு. மரப்பீப்பாயில் ஆண்டுக்கணக்கில் முதிர்ந்ததே விஸ்கி, சாராயத்தில் நிறமும் மணமும் கூட்டி விற்பது போலி என்றார் வைலி. ரூஸ்வெல்ட் காலத்து அரசு வழக்கறிஞர் தலைவரும் அவர் பக்கம் சாய்ந்தார். டாஃப்டு வந்ததும் கோப்பு மீண்டும் திறக்கப்பட்டது. 1909 முடிவதற்குள் இரண்டும் விஸ்கிதான் என்று தீர்ப்பு. சீட்டில் வகையைக் குறித்தால் போதுமாம். வேதியியல் மாறவில்லை, பீப்பாய் மாறவில்லை. நாற்காலியில் அமர்ந்தவர் மாறினார், பொருளின் பெயர் மாறிற்று! ஒரு வல்லுநருக்கு விதியை மீறி ஊதியம் தந்தார் என்று வைலி மீதே 1911இல் பழி சுமத்தினர். அந்தப் பழி நிற்கவில்லை. ஆனால் மனிதர் சலித்துப்போய் 1912 மார்ச்சில் பதவி துறந்தார்.

நூறு ஆண்டு கழித்தும் கதை அதுவே. 2008 இறுதியிலும் 2009 தொடக்கத்திலும், புஷ் போய் ஒபாமா வரும் அந்த இடைவெளியிலேயே, ஒரு நிறுவனத்தின் நிலக்கடலை விழுதால் சால்மொனெல்லா நோய் பரவிற்று. எழுநூறுக்கு மேற்பட்டோர் நோயுற்றனர். ஒன்பது பேர் மாண்டனர். நிறுவனத் தலைவருக்கு 2015இல் 28 ஆண்டுச் சிறை. அந்தச் சாவுகள் தந்த அதிர்ச்சியில் பிறந்த உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் ஒபாமா கையெழுத்திட்ட நாள் 2011 சனவரி 4. மறுநாள் எதிர்க்கட்சிப் பெரும்பான்மை கொண்ட புதிய கீழவை கூடிற்று. ஒரே ஒரு நாள் இடைவெளி! ஒரு நாள் தவறியிருந்தால் அந்தச் சட்டம் தொட்டிலில் கிடந்திருக்குமா, பாடையில் போயிருக்குமா என்று எவர் சொல்ல முடியும்? பைடன் ஆட்சியில் 2024இல் கோழி இறைச்சியில் சால்மொனெல்லாவைக் கட்டுப்படுத்த ஒரு விதி முன்மொழியப்பட்டது. ஆட்சி மாறிற்று, டிரம்ப் நிர்வாகம் 2025 ஏப்ரலில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கிருமிக்குக் கட்சி கிடையாது. விதிக்கு மட்டும் இருக்கிறது.

நம் வீட்டுக்குத் திரும்புவோம். இங்கேயும் குடியரசுத் தலைவர் உண்டு. ஆனால் தமிழ்நாட்டானுக்கு அந்தச் சொல் நினைவூட்டுவது வேறொன்றை: மக்கள் தேர்ந்தெடுத்த ஆட்சியைக் கலைத்துவிட்டுத் தில்லி நேரே ஆண்ட நாள்களை. 1976 சனவரி 31இல் கலைஞர் தலைமையில் இருந்த ஆட்சி கலைக்கப்பட்டது, சட்டமன்றம் கலைந்தது. நாடெங்கும் நெருக்கடி நிலை. அந்த நேரத்தில்தான், 1976இன் 34ஆவது சட்டமாக, கலப்படத் தடைச் சட்டத்துக்குப் பெருந் திருத்தம் வந்தது. ஏப்ரல் முதல் நாள் நடைமுறை. உயிருக்குக் கேடு விளைக்கும் கலப்படத்துக்கு ஆயுள் தண்டனை வரை! ஒரு நீதியையும் மறைக்காமல் சொல்லவேண்டும்: விளைபொருளில் இயற்கையாக நேர்ந்த குறைக்கு மனிதன் பொறுப்பல்ல என்னும் விலக்கும் அந்தத் திருத்தத்தில் இருந்தது. உழவனுக்கு அது நன்மை.

கடுமை வேண்டாமா என்று கேட்பீர்கள். வேண்டும். ஆனால் யார் மீது விழுந்தது அந்தக் கடுமை என்பதையும் கேளுங்கள். 1964இன் திருத்தத்திலேயே ஆறு மாதச் சிறையும் ஆயிரம் ரூபாய் அபராதமும் குறைந்தபட்சத் தண்டனை ஆகிவிட்டன. சட்டம் மாதிரி எடுப்பது கடையில். கடையில் நிற்பவன் சில்லறை வணிகன். உத்தரவாதச் சீட்டு வாங்கி வைத்திருக்கும் பெரிய கடைக்காரன், “ஆலையைக் கேளுங்கள்” என்று சீட்டை நீட்டித் தப்பலாம். அதற்குச் சட்டத்திலேயே வழி இருந்தது. இரண்டு மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவள் எந்தச் சீட்டை நீட்டுவாள்? மாட்டையா கூண்டில் நிறுத்துவாள்? பாலில் கொழுப்பு இத்தனை விழுக்காடு, கொழுப்பல்லாத திடப்பொருள் இத்தனை விழுக்காடு என்று அளவு வகுத்துவிட்டது சட்டம். வறட்சியில் காய்ந்த புல் தின்ற மாட்டின் பால் அந்த அளவுக்கு இறங்கினால் கறந்தவள் குற்றவாளி. கேள்வி கேட்கச் சட்டமன்றம் இல்லாத மாநிலத்தில் அந்தக் கடுமையை எடைபோட்டுப் பேச எவர் இருந்தார்?

2006இல் உணவுப் பாதுகாப்பு மற்றும் தர நிர்ணயச் சட்டம் பிறந்து, 2011 ஆகஸ்டு 5இல் முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் அதற்கு மூன்று மாதம் முன்புதான் ஆட்சி மாறியிருந்தது. நகராட்சியின் சுகாதார ஆய்வாளர் கையில் இருந்த வேலை, உணவுப் பாதுகாப்புத் துறை என்னும் புதிய துறைக்குச் சென்றது. பழைய சட்டத்தின் கீழ் உரிமம் பெற்றவர் எல்லாரும் ஓராண்டுக்குள் புதியதற்கு மாறவேண்டும் என்றார்கள். அந்த ஓராண்டு நீண்டது, மீண்டும் நீண்டது. இடையில் தில்லியிலும் 2014இல் ஆட்சி மாறிற்று. கெடு 2016 வரை நீண்டது. ஐந்து ஆண்டு!

அந்தப் புதிய சட்டத்தின் நற்பண்பு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அது குற்றங்களைப் பிரித்தது. தரம் குறைந்த உணவு வேறு, பெயர்ச்சீட்டில் பொய் எழுதியது வேறு, உயிருக்கே ஊறு செய்யும் உணவு வேறு. முன்னிரண்டுக்குச் சிறை இல்லை, அபராதம் மட்டும்; தரம் குறைந்ததற்கு ஐந்து இலட்சம் வரை, தவறான சீட்டுக்கு மூன்று இலட்சம் வரை. அதைத் தீர்மானிப்பவர் நம் மாவட்டங்களில் மாவட்ட வருவாய் அலுவலர். உயிர் போனால் ஆயுள் தண்டனை வரை உண்டு. பால்காரிக்கும் நஞ்சு வணிகனுக்கும் ஒரே கூண்டு என்னும் நிலை மாறியது நல்லதே.

ஆனால் இதே சட்டத்தின் நிழலில்தான் தமிழ்நாட்டின் குட்கா கதையும் நடந்தது. அதை வரிசையாகப் பாருங்கள். 2001இல் மாநில அரசு பழைய கலப்படத் தடைச் சட்டத்தின் கீழ் குட்காவையும் பான் மசாலாவையும் தடை செய்தது. 2004இல் உச்சநீதிமன்றம் அத்தகைய தடைகள் செல்லாது என்றது; மாநிலத்து உணவு அதிகாரிக்கு உள்ள அதிகாரம் அவசர நேரத்துக்கானது, நிலையான கொள்கையை வகுக்கும் அதிகாரம் மத்தியினுடையது என்பது காரணம். முன்னே நினைவில் வைக்கச் சொன்ன கட்டமைப்பு இதுதான்! 2011இன் மத்திய விதி, உணவில் புகையிலையோ நிக்கோட்டினோ இருக்கலாகாது என்றது. அதைப் பற்றிக்கொண்டு 2013 மே மாதம் தமிழ்நாடு மீண்டும் தடை விதித்தது. ஆண்டுதோறும் அந்தத் தடை புதுப்பிக்கப்பட்டது.

தடை ஏட்டில் இருந்தது. பொட்டலம் பெட்டிக்கடையில் தொங்கியது. 2016 ஜூலையில் வருமானவரித் துறையினர் குட்கா உற்பத்தியாளர் ஒருவர் இடங்களில் சோதனை நடத்தினர். யார் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று எழுதியிருந்ததாகக் கூறப்பட்ட குறிப்பேடு கிடைத்தது. மாநிலத் தலைமைக்கு அது பற்றிக் கடிதமும் எழுதினர். அப்புறம் என்ன ஆயிற்று? செப்டம்பரில் முதலமைச்சர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5இல் மறைந்தார். 2017 பிப்ரவரியில் நாற்காலிக்கான போட்டி விடுதி வரை சென்றது. ஆட்சி கைமாறிய அந்த மாதங்களில் கடிதம் எந்த மேசையில் உறங்கியது என்பதே ஒரு வழக்காயிற்று. 2017 ஜூலையில் எதிர்க்கட்சி உறுப்பினர்கள் சட்டமன்றத்துக்குள்ளேயே குட்காப் பொட்டலங்களை எடுத்துக் காட்டினர், தடை எங்கே என்று கேட்க. கேட்டவர்கள் மீதுதான் உரிமை மீறல் நடவடிக்கை பாய்ந்தது! சட்டமன்ற உறுப்பினர் ஜெ. அன்பழகன் உயர்நீதிமன்றம் சென்றார். 2018 ஏப்ரலில் மத்தியப் புலனாய்வுக்கு வழக்கு மாறியது. 2021இல் மாநிலத்தில் ஆட்சி மாறிற்று. அதற்கு அடுத்த ஆண்டில்தான் முன்னாள் அமைச்சர்கள் மீது வழக்குத் தொடர அரசின் இசைவு கிடைத்தது. 2023 சனவரியில் உயர்நீதிமன்றம் தடை அறிவிக்கையையே செல்லாது என்றது. ஏப்ரலில் உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பள்ளி வாசலில் பொட்டலம் வாங்கிய சிறுவன் 2001இல் பத்து வயதினன் என்றால் 2023இல் அவனுக்கு முப்பத்திரண்டு. அவன் வாய் எந்தத் தீர்ப்புக்காகவும் காத்திருக்கவில்லை.

ஆட்சி மாற்றம் உணவுச் சட்டத்தைத் தூங்க வைக்கும் என்பது பாதி உண்மை. உணவே ஆட்சியை மாற்றும் என்பது மறுபாதி. 1998 ஆகஸ்டில் தில்லியில் கடுகெண்ணெயில் பிரமதண்டு விதையின் எண்ணெய் கலந்திருந்தது. நம் தரிசுகளிலும் மஞ்சள் பூவோடு முள் நிறைந்து நிற்கும் அதே செடிதான். அதன் விதை கடுகு போலவே கறுத்துச் சிறுத்திருக்கும். காலும் வயிறும் வீங்கி ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைகளில் குவிந்தனர். அறுபது பேரளவில் மாண்டனர். வெங்காய விலையும் ஏறிற்று. அக்டோபரில் முதலமைச்சரை மாற்றிப் பார்த்தது ஆளுங்கட்சி. நவம்பர்த் தேர்தலில் ஆட்சியையே இழந்தது.

அந்தப் பாடத்தை அரசியல்வாதிகள் நன்கு கற்றுக்கொண்டார்கள். 2024 ஜூனில் ஆந்திரத்தில் ஆட்சி மாறிற்று. ஜூலையில் திருப்பதிக்கு வந்த நெய்யின் மாதிரிகள் குஜராத்தில் உள்ள தேசியப் பால்வள வாரியத்தின் ஆய்வகத்துக்குச் சென்றன. நெய் அனுப்பியது நம் திண்டுக்கல் நிறுவனம் ஒன்று. செப்டம்பர் 18இல் புதிய முதலமைச்சர் மேடையில், முந்தைய ஆட்சியில் இலட்டுக்கு விலங்குக் கொழுப்புக் கலந்த நெய் பயன்பட்டது என்று முழங்கினார். நாடு கொதித்தது. ஆய்வறிக்கையிலேயே ஓர் எச்சரிக்கை இருந்தது: மாட்டின் தீவனம் முதலிய சில காரணங்களால் இச்சோதனை தவறான முடிவையும் காட்டக்கூடும் என்று. மேடையில் அந்த வரி ஒலிக்கவில்லை. விசாரணை முடியுமுன் ஊடகத்துக்கு ஏன் சென்றீர்கள் என்று உச்சநீதிமன்றம் கேட்டது; அக்டோபர் 4இல் மத்தியப் புலனாய்வுத் துறையினர் இருவர், மாநிலக் காவலர் இருவர், உணவுப் பாதுகாப்பு ஆணையத்தைச் சேர்ந்த ஒருவர் என ஐவர் குழுவை அமைத்தது. பெயர்களைக் கவனியுங்கள்: நால்வர் போலீசு, ஒருவரே உணவு அறிந்தவர்! கோவில் நெய்யென்றால் கொந்தளிக்கும் நாடு, சத்துணவுக் கூடத்து எண்ணெய்க்கு எந்த ஆய்வகத்தின் அறிக்கையையாவது கேட்டதுண்டா? பக்தனின் நாக்கில் படும் நெய்யும் பள்ளிப் பிள்ளையின் நாக்கில் படும் எண்ணெயும் வேதியியலுக்கு ஒன்றே. கொழுப்பு எது என்பதைக் குழாயும் அமிலமும் சொல்லும். அதைச் சொல்லிவிடும் வரை பொறுத்திருப்பதுதான் பகுத்தறிவு. ஆளுங்கட்சிக்கும் அது பொருந்தும், எதிர்க்கட்சிக்கும் பொருந்தும், நமக்கும் பொருந்தும்.

என் கருத்து இது. சட்டம் போதாமல் இல்லை. மாதிரியை ஆராய்கிறவனுக்கு ஆட்சியிடமிருந்து விடுதலை போதவில்லை. நீதிபதியை அமைச்சர் நினைத்த மாத்திரத்தில் மாற்ற முடியாது. பகுப்பாய்வாளரை மாற்றலாம், இடத்தை நிரப்பாமலே விடலாம், அறிக்கையை அலமாரியில் வைக்கலாம். ஆய்வகத்தின் முடிவு எதுவாயினும் குறித்த நாளில் ஊரறிய வெளியாகவேண்டும் என்று ஒரு விதி இருக்குமானால், 2016இல் கடிதம் உறங்கியிருக்காது; 2024இல் மேடையும் தேவைப்பட்டிருக்காது. தண்டனையை ஆயுள் வரை நீட்டுவது எளிது, அதற்குச் செலவு ஒரு தாள். ஆய்வகம் கட்டவும் ஆள் அமர்த்தவும் பணம் வேண்டும், தொடர்ந்து வேண்டும், அடுத்த ஆட்சியும் கொடுக்கவேண்டும். அதனால்தான் எல்லா ஆட்சிகளுக்கும் தாளே பிடிக்கிறது.

கோட்டையிலிருந்து இறங்கி ஊருக்குள் வந்தேன். செஞ்சியின் ஒழுங்குமுறை விற்பனைக்கூடம் விழுப்புரம் மாவட்டத்தில் நெல் மூட்டைகள் மிகுதியாக வந்து குவியும் இடங்களுள் ஒன்று. அறுவடைக் காலத்தில் மூட்டைகள் வாயில் வரை நிற்கும். ஈரப்பதம் பார்க்கிறார்கள், அரசு கொள்முதல் என்றால் 17 விழுக்காடு என்பது தில்லி வகுத்த எல்லை. மழையில் நனைந்த ஆண்டுகளில் எல்லையைத் தளர்த்துமாறு மாநிலம் எழுதும், குழு வரும், பார்த்துச் செல்லும், விடை வரும்வரை உழவன் நெல்லைச் சாலையில் பரப்பிக் கிளறிக்கொண்டிருப்பான். உழவனின் நெல்லில் ஒரு துளி ஈரம் கூடினால் கருவி உடனே காட்டிக்கொடுக்கிறது. அதே உழவன் மாலையில் கடையில் வாங்கும் எண்ணெய்க்கும் மிளகாய்த்தூளுக்கும் அப்படியொரு கருவி கடைவாசலில் இல்லை.

கடைத்தெருவில் மளிகைக் கடை வைத்திருக்கும் முதியவரோடு பேச்சுக் கொடுத்தேன்.

“உங்கள் கடையில் எப்போதாவது மாதிரி எடுத்திருக்கிறார்களா, பெரியவரே?”

“எடுத்தாங்க தம்பி. மஞ்சத்தூள். நாலு பங்காப் பிரிச்சாங்க, அரக்கு வச்சாங்க, கையெழுத்தும் வாங்கினாங்க. எல்லாம் முறைப்படிதான்.”

“முடிவு?”

“நல்ல சரக்குன்னு வந்தது. வர்றதுக்குள்ள அந்த மூட்டை வித்துப்போச்சு. கெட்ட சரக்குன்னு வந்திருந்தாலும் அதேதான், வித்துப்போயிருக்கும்.”

நான்கு பங்கு என்று அவர் சொன்னது சட்டத்தில் உள்ளதே. ஒன்று பகுப்பாய்வாளருக்கு, இரண்டு நியமன அலுவலரின் பாதுகாப்புக்கு, நான்காவது, வணிகர் விரும்பினால், அங்கீகாரம் பெற்ற வேறோர் ஆய்வகத்துக்கு. பகுப்பாய்வாளர் 14 நாள்களுக்குள் அறிக்கை தரவேண்டும். செஞ்சியில் ஆய்வகம் இல்லை. மாதிரி வெளியூர் செல்ல வேண்டும். 14 நாள் என்பது அறிவியலுக்குக் குறுகிய காலம். மஞ்சள்தூள் மூட்டைக்கு நீண்ட காலம்.

பெரியவர் கடையின் பின்புறச் சன்னலில் ராஜகிரி தெரிந்தது. அவர் என்னிடம் கேட்டார்: “மேல ஏறினீங்களா?” இல்லை, களஞ்சியத்தோடு திரும்பிவிட்டேன் என்றேன். “அங்க என்ன இருக்குது? காலியாத்தானே கிடக்குது!” என்று சிரித்துவிட்டு, வந்த பெண்ணுக்கு அரைக் கிலோ துவரம்பருப்பை நிறுக்கத் திரும்பினார். அவள் ஒரு பிடி அள்ளி, வெளிச்சத்தில் உள்ளங்கையை விரித்து, விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்த பிறகே பையை நீட்டினாள்.